தோலில்லாத மத்தளம்

தோல் பதனிடும் ஊரில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு ஒரு விசேஷ ஞானம் உண்டு. செருப்பைக் கையில் எடுத்த மாத்திரத்தில், அசல் தோலா ரெக்ஸினா என்று சொல்லிவிடுவோம். ஆம்பூர்ப் பெண்மணியை ஏமாற்றுவது லேசல்ல! ஆனால் இதே பரீட்சையைக் காதுக்கு வைத்தால் எத்தனை பேர் தேறுவோம்? சினிமாப் பாட்டில் கேட்கும் மத்தளம் ஆட்டுத்தோலில் பிறந்ததா, மின்சாரத்தில் பிறந்ததா?

1986-ல் 'விக்ரம்' படத்தின் பாட்டு காஸெட் எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு இந்தக் கேள்வி எழுந்தது. சுஜாதாவின் கதை. கடத்தப்பட்ட 'அக்னிபுத்திரன்' ஏவுகணையைத் தேடிப் போகும் சாகசம். இசை இளையராஜா. கமல்ஹாசனே பாடிய தலைப்புப் பாட்டில், அதுவரை எங்கள் காது அறியாத மின்னணு ஓசைகள் துள்ளின. அதே ஆண்டில் வந்த 'புன்னகை மன்னன்' இசைக்கும் கம்ப்யூட்டர் கைகொடுத்தது.

இந்த வித்தையைப் பற்றிப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மின்துடிப்பை ஓசையாக மாற்றுவது சிந்தஸைஸர். எந்த ஓசை எப்போது வரவேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பது சீக்வென்ஸர். ஒரு தடவை புள்ளி வைத்துவிட்டால், கோலம் தானே எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்வதைப் போல! ஜப்பானின் ரோலண்டு கம்பெனி 1980-ல் டி.ஆர்.808 என்ற தாளப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983-ல் 'மிடி' என்ற ஏற்பாடு வந்து, வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின.

வீட்டில் எல்லோரும் அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். என் கொழுந்தனார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நான்கு தடவை கேட்டார். பகலில் தோல் மண்டியில் வேலை. இரவில் வேலூர், குடியாத்தம் பக்கத்துத் திருவிழாக் கச்சேரிகளில் டோலக்.

"அண்ணி, ஒரு இடத்திலேகூடக் கை களைக்கலையே!" என்றார்.

அவர் குரலில் வியப்பும் இருந்தது, பயமும் இருந்தது. பயம் வீண்போகவில்லை. சில வருஷங்களில் அவருடைய குழுவும் ஒரு தாளப் பெட்டி வாங்கிற்று. தாளத்துக்கு மூன்று பேர் உட்கார்ந்த மேடையில் ஒருவர் போதும் என்றாயிற்று. மண்டி வேலை இருந்ததால் அடுப்பு அணையவில்லை. ஆனால், மேடையில் கிடைத்த மரியாதையை எந்த மண்டி கொடுக்கும்?

இயந்திரத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் மேல்நாட்டு டிரம்மில் கன்றுத்தோல் போய், பாலியஸ்டர் தாள் வரத் தொடங்கியது 1950-களின் பிற்பகுதியிலேயே. மழையில் தளராத தாளை வாத்தியக்காரர்களே விரும்பி ஏற்றார்கள். 'விக்ரம்' கதையில் ஏவுகணையும் கம்ப்யூட்டரும் வருகின்றன. அதற்குக் கையால் வராத ஓசை தேவைப்பட்டது. இசையமைப்பாளர் அதைத் தேடினார். கச்சேரிக் குழுவோ, கையால் வரும் ஓசைக்கே பெட்டியை வைத்துக் கூலியை மிச்சம் பிடித்தது. இரண்டும் ஒன்றாகுமா?

2022-ல் அதே 'விக்ரம்' என்ற பெயரில், அனிருத் இசையில் ஒரு படம் வந்தது. அதில் 1995-ஆம் ஆண்டின் 'அசுரன்' படப் பாட்டு ஒன்று ஒலித்து, இளைஞர்களை மறுபடி பிடித்துக்கொண்டது. அதற்கு இசையமைத்த ஆதித்யனோ 2017-லேயே காலமாகிவிட்டார். ஓசைக்கு ஆயுசு கெட்டி. ஓசை தந்தவருக்குத்தான் அது இல்லை.

என் மகனும் இப்போது கம்ப்யூட்டரில் பாட்டுக் கட்டுகிறான். போன மாதம் சித்தப்பாவை உட்கார வைத்து, டோலக்கை ஒவ்வொரு தட்டாகத் தட்டச் சொல்லிப் பதிவு செய்துகொண்டான். இனி அந்தத் தட்டுகளை வேண்டியபடி கோத்துக்கொள்ளலாமாம்.

"நான் இல்லாமலே நான் வாசிப்பேனா? அப்படின்னா எனக்குக் கூலி எவ்வளவுடா?" என்று கேட்டார் கொழுந்தனார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூலியைப் பேசி முடித்துவிட்டு, பாட்டில் சித்தப்பா பெயரையும் போடும்படி மகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.