பனியில் ஒரு பீட்சா!

கடையநல்லூர்க்காரனுக்குக் குளிர் என்றால் குற்றாலச் சாரல்தான். அதற்கே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடை தேடுகிற பரம்பரை நாங்கள். அப்பேர்ப்பட்ட நான், நாலு வயசுப் பையனைப் பனிச்சறுக்கு வகுப்பில் சேர்த்தேன். எங்கே தெரியுமா? துபாயில்!

தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருக்கிற ஊர் எங்களுடையது. என் மச்சானும் அங்கேதான். லீவுக்குப் போனபோது 'ஸ்கீ துபாய்'க்குக் கூட்டிப்போனார். ஷாப்பிங் மாலுக்குள் 2005-ல் திறந்த பனிமலை. நீளமான சரிவு 400 மீட்டர். வெளியே 40 டிகிரி வெயில். உள்ளே பூஜ்யத்துக்கும் கீழே!

ரெண்டாவது நிமிஷமே பையன் பொத்தென்று விழுந்தான். கண்ணாடிக்கு அப்பால் அவன் உதடு பிதுங்கியது. "யோவ், தூக்குய்யா!" என்று கண்ணாடியைத் தட்டினேன். பயிற்சியாளர் தூக்கவில்லை. தானும் பக்கத்தில் விழுந்து, எழுந்து காட்டினார். அப்புறம், பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து "பீட்சா!" என்றார். அந்த முக்கோணம்தான் பிரேக்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. எட்டு வயசில் என்னைக் கிணற்றில் தள்ளி, "நீந்துலே!" என்றவர். இன்றுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கமாட்டேன்.

ஊர் திரும்பியதும் அப்பா பேரனிடம் கேட்டார்: "அம்புட்டு துட்டு கட்டி என்னலே படிச்சே?"

"நிக்கப் படிச்சேன் தாத்தா! விழுந்தா எந்திரிக்கவும் படிச்சேன்."

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் தோளில் கயிற்றோடு வந்து நின்றார்.

"வாலே கிணத்துக்கு. இந்தத் தடவ தள்ளமாட்டேன்."

பேரனிடம் இல்லை சார், என்னிடம்!