பரங்கிப்பேட்டை கேசட்

"ஆண்டு மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்கண்ணா" என்று பேரவைச் செயலாளர் தம்பி போனில் கேட்டார். "எதைப் பத்திப்பா?" என்றேன். "நீங்க படிக்கிறப்போ இங்கிலீஷ் ஆல்பமெல்லாம் கேப்பீங்களாமே, அதைப் பத்தி எழுதுங்க" என்றார். யார் போட்டுக் கொடுத்தார்களோ தெரியவில்லை! சரி, எழுதுகிறேன். ஆனால் ஆல்பங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு கேசட்டில் வந்து நிற்கிறது மனசு.

நான் கடலூர் முதுநகர்க்காரன். 1993 முதல் 1996 வரை சிதம்பரத்தில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. தினமும் மீட்டர் கேஜ் பாசஞ்சரில் போய்வருவேன். பரங்கிப்பேட்டையில் ஒரு நண்பன் ஏறுவான். அங்கிருந்து கிள்ளை தாண்டிச் சிதம்பரம் வரும்வரை எங்கள் பேச்சு பாட்டுதான்.

அந்த நாளில் நமக்குப் பாட்டென்றால் சினிமாப் பாட்டு. அதற்கு வெளியே எனக்குத் தெரிந்தது ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' மட்டுமே. (2018-இல் மறைந்த அவர் இலங்கைத் தமிழ்ப் பாப் இசையை இங்கே வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்.) கதையில்லாமல், கதாநாயகன் இல்லாமல், ஒரு முழு கேசட்டையே ஒரு படைப்பாகச் செய்ய முடியும் என்று எனக்குச் சொன்னது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. 1986-இல் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு; வி.எஸ். நரசிம்மனின் வயலின். இரண்டு வருஷம் கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. தெற்கு வீதி ரெக்கார்டிங் சென்டரில் இரண்டையும் ஒரே டிடிகே-90இல் பதிந்து வாங்கினேன். நாடா தேயத் தேயக் கேட்டோம்.

மேற்கத்திய ஆல்பங்கள் வந்தது ஹாஸ்டல் சீனியர் ஒருவரிடமிருந்து. அவர் அறையில் டபுள் டெக் இருந்தது. ஆகவே அவரே எங்களுக்கு ராஜா. மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பத்தை (1991) முதன்முதலில் போட்டபோது, எல்ஏ4440 ஐ.சி. வைத்து நானே செய்த ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர்தான் கிழிந்துவிட்டதோ என்று பயந்து ஆஃப் செய்துவிட்டேன்! பிராக்டிகலில் சைன் அலையின் தலை வெட்டுப்பட்டால் நமக்கு மார்க் போகும். அதே வெட்டை வேண்டுமென்றே செய்துதான் மெட்டல் கிதாருக்கு அந்தக் கரகரப்பைக் கொடுக்கிறார்கள் என்பது பிறகு புரிந்தது. இந்த மெட்டாலிகா பெயர் பெற்றதே கேசட்டால்தான். 1982-இல் அவர்கள் பதிந்த மாதிரி கேசட்டை ரசிகர்கள் கைக்குக் கை நகலெடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். அதே குழுதான் 2000-இல் இணையத்தில் பாட்டை நகலெடுத்தார்கள் என்று நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டது. காலம் பண்ணுகிற வேடிக்கை!

பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) இன்னொரு பாடம். அதில் ஒரு பாட்டுக்கு முன்னால் காசு குலுங்கும், கல்லாப்பெட்டி திறக்கும். அதெல்லாம் தாளத்தில் விழவேண்டும் என்பதற்காக ஒலிநாடாவை ஸ்கேலால் அளந்து, வெட்டி, ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, நம்ம ஃபிட்டிங் ஒர்க்‌ஷாப் மாதிரி அளவும் வெட்டும்தான். இன்னொன்று: ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள், வந்துபோனவர்கள் என்று பலரிடம் கேள்வி கேட்டு, அவர்கள் பேச்சையும் இடையிடையே சேர்த்தார்கள். அபே ரோடு ஸ்டூடியோவின் வாசல் காவலாளி பேசியதுதான் ஆல்பத்தின் கடைசிப் பேச்சுக்குரல்.

இனி, 'திரில்லர்'. மைக்கேல் ஜாக்சன், 1982 நவம்பர். உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பம். ஒன்பதே பாட்டு, 42 நிமிஷம். முதலில் பாட்டுகள் இன்னும் நீளமாக இருந்தனவாம். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நேரம் கூடினால் பள்ளங்களைக் குறுக்க வேண்டும், ஒலி மெலிந்துவிடும். அதனால் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் பாட்டுகளைச் சுருக்கி மறுபடி கலந்தார். அந்த 42 நிமிஷம்தான் என் கதையின் கணக்கு.

1995 மழைக்காலம். நண்பன் ஒரு பை நிறைய கேசட் கொடுத்து, "வச்சுக் கேளுடா" என்றான். அதில் பெயர் எழுதாத ஒரு 90 நிமிஷக் கேசட். ஒரு பக்கத்து லாக் மட்டும் உடைத்திருந்தது. போட்டுப் பார்த்தேன், கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். காலிதான் என்று முடிவு செய்தேன். லாக் உடைந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது அன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒட்டினேன். சீனியர் அறையில் 'திரில்லர்' முழுவதையும் ஒரே பக்கத்தில் ஏற்றினேன். "உனக்காக ஏத்தினேன்டா" என்று பெருமையாக நண்பனிடமே கொடுத்தேன்.

திங்கட்கிழமை அவன் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை கல்லூரி வாசலில் மடக்கிக் கேட்டேன். "அது வாப்பா பேசி அனுப்புன கேசட்டுடா. தெரியாம பையில வந்துட்டுது" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் அப்போது கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்புவார்கள். அவன் வாப்பா அனுப்பிய கடைசி கேசட் அது. 1992-இல் அங்கேயே இறந்துபோனார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டதும் உம்மா அதைத்தான் போடச் சொல்வாராம்.

ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் டீ கொடுத்தார். "கடைசியில கொஞ்சம் இருக்கு தம்பி, கேக்குறியா?" என்றார். 90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். ஆல்பம் 42. மூன்று நிமிஷத்துக்கும் குறைவாகத் தப்பித்திருந்தது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன்; கணக்குப் பார்த்தால் ஏழெட்டு மீட்டர் நாடா.

"ஃபார்வர்டு பண்ணட்டுமா?" என்றேன். "வேணாம், சிக்கிக்கும். அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றார். ஆக, அந்த ஓட்டுவீட்டுத் திண்ணையில் நாங்கள் மூன்று பேரும் மைக்கேல் ஜாக்சனை முழுசாகக் கேட்டோம். நடுவில் அந்தப் பேய்ச்சிரிப்பு வந்தபோது உம்மா திடுக்கிட்டு, "யாரு இது?" என்றார். நண்பன் சிரித்துவிட்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

கடைசிப் பாட்டு தேய்ந்து நின்றது. ஒரு 'டக்'. பிறகு நடு வாக்கியத்திலிருந்து ஓர் ஆண்குரல். கிணற்றடி வழுக்கும், பார்த்து நடக்கச் சொன்னது. மகனைப் படிப்பை விடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. யாருக்கோ ஸலாம் சொன்னது. முடிந்தது.

"தெரிஞ்சா செஞ்சே? விடு தம்பி" என்றார் உம்மா. அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றே அந்தத் துண்டை இரண்டு புது கேசட்டில் நகலெடுத்தேன். இந்த முறை லாக்கை உடைத்தது நான். இப்போது நண்பன் வெளிநாட்டில் இருக்கிறான். அந்தத் துண்டு அவன் செல்போனில் இருக்கிறது. மிச்சம் 42 நிமிஷத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

1996 நவம்பர் 1-ஆம் தேதி மைக்கேல் ஜாக்சன் மும்பையில் ஆடினார். 1997-இல் ரகுமானின் 'வந்தே மாதரம்' வந்தது. 2005-இல் ஈழத்துப் பெற்றோரின் மகள் எம்.ஐ.ஏ. தன் முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் பெயரால் 'அருளர்' என்றும், 2007-இல் அடுத்ததற்குத் தாயின் பெயரால் 'கலா' என்றும் பெயர் வைத்தார். எல்லாம் கேட்டேன், ரசித்தேன். 'அருளர்' என்ற அட்டையைப் பார்த்தபோது மட்டும் திண்ணை ஞாபகம் வந்தது.

தம்பிகளே, தங்கைகளே! உங்கள் கையில் இருக்கிற போனில் எல்லா ஆல்பமும் கிடைக்கும். 'திரில்லர்' அழிந்தால் மறுபடி கோடிப் பிரதி இருக்கிறது. வீட்டில் அப்பா அனுப்புகிற வாய்ஸ் மெசேஜுக்கு வேறு பிரதி கிடையாது. இடம் பத்தவில்லை என்று அழிக்கிறபோது ஒரு நிமிஷம் பாருங்கள். யாரோ லாக்கை உடைத்து வைத்திருந்தால், அதில் காரணம் இருக்கும். செலோடேப் ஒட்டாதீர்கள்.