அப்பாவின் கிரைண்டர்

கிரைண்டர் என்றதும் இட்லி மாவை நினைக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க! நான் சொல்வது இரும்பின் முகத்தை மட்டமாகத் தேய்க்கும் 'சர்ஃபேஸ் கிரைண்டர்'. ஓய்வு பெற்ற என் தந்தையார் டில்லியில் வீட்டுக் கீழறையில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, பழைய இயந்திரம் வாங்க மாயாபுரிக்குப் புறப்பட்டார். பௌதிக மாணவனாகிய நானும் உடன் சென்றேன்.

முதற் கடையிலேயே, புதிதாகப் பச்சைச் சாயம் பூசிய ஒன்று என் மனத்தைக் கவர்ந்தது. சக்கரத் தலையில் டயல் கேஜைப் பொருத்தி மேஜையை இங்குமங்கும் ஓட்டினேன். காந்தத் தட்டின்மேல் முள் அசையவே இல்லை. "அப்பா, இதையே முடித்துவிடலாம்" என்றேன், பரீட்சையில் தேறியவனைப் போல.

அப்பா பேசவில்லை. பையிலிருந்து எஃகு நேர்கோலை எடுத்துத் தட்டின்மேல் நீளவாக்கில் வைத்தார். நடுவே 0.05 மில்லிமீட்டர் தகடு தடையின்றி நுழைந்தது!

"தட்டை இந்த மிஷினிலேயே தேய்த்திருக்கிறார்கள். மேஜை ஓடும் தடம் எப்படித் தேய்ந்ததோ, தட்டும் அப்படியே வளைந்திருக்கிறது. உன் முள் எதைடா காட்டும்?"

வளைந்த தடத்தில் ஓடி, அதே வளைவை அளந்தால் பூஜ்யந்தானே வரும்! எம்.எஸ்ஸி. படிக்கிறவனுக்கு இது ஏன் தோன்றவில்லை?

வாங்கியது மூன்றாம் கடையின் மூலையில் கிடந்ததை. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. ஆனால் தடத்தில் பழைய கைச்சுரண்டல் அடையாளங்கள் நடுவிலும் அழியாமல் இருந்தன. தேய்ந்திருந்தால் அவை முதலில் மறைந்திருக்கும். ஸ்பிண்டிலும் ஓசையின்றிச் சுழன்றது. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும், வீட்டில் இல்லை. அதற்கு வேறு செலவு இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.