காதர்பேட்டையும் பவானியும்

கோயம்புத்தூரில் ரயில் ஏறி ஈரோட்டில் இறங்குவதற்குள், பருத்தியின் சரித்திரத்தை ஜன்னல் வழியாகவே ஒருவர் படித்துவிடலாம். 1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரை நூற்பாலை நிறுவிய நகரத்தை விட்டுப் புறப்பட்டதும் பீளமேடு; அதற்கப்பால் விசைத்தறிக்குப் பேர்போன சோமனூர்; பின்னர் பனியனுக்குத் திருப்பூர். திருப்பூரைத் தாண்டி ஊத்துக்குளி வந்ததும், வெண்ணெயின் நினைவு வந்து சிறிது நேரம் நூலை மறக்கச் செய்யும். ஆயினும் ஈரோட்டை அடைந்தால் மறுபடியும் ஜவுளிதான்.

சென்ற விடுமுறையில் இவ்வழியே பவானிக்குப் பிரயாணமானோம். நம் பள்ளியின் கணித ஆசிரியர் வீட்டில் கல்யாணம். அதற்கு ஜமக்காளம் வாங்க வேண்டும். நண்பருடன் கல்லூரியில் படிக்கும் அவருடைய குமாரத்தியும் வந்திருந்தாள். அவள் தோளில் ஓர் அழகிய கைப்பை தொங்கியது. பழுப்பு நிறம், அதன் மேல் பொன்னிறத்தில் பூக்களும், ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஆங்கில எழுத்துக்களும். பாரிஸ் நகரத்து லூயி வியூட்டன் கம்பெனியின் சின்னம் அது. அசலின் விலை லட்சத்தைத் தாண்டும்.

“என்ன விலை அம்மணி?” என்று கேட்டோம்.

“அறுநூறு ரூபாய்ங்க மாமா. நடைபாதைக் கடையிலே வாங்கினேன்” என்று கூசாமல் சொன்னாள். தொடர்ந்து நியாயமும் பேசினாள். “அசலை வாங்க எனக்கு இந்த ஜன்மத்திலே முடியாது. அதனாலே பாரிஸ்காரருக்கு என்னால் ஒரு காசு நஷ்டமில்லை. கூடப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது போலி என்று தெரியும். அப்புறம் நான் யாரைத்தான் ஏமாற்றினேன்?”

கணக்குச் சரியாக இருப்பதாகத் தகப்பனார் தலையசைத்தார்.

வாதம் வலுவுள்ளதுதான். “அந்த எழுத்துக்கள் இல்லாத பை அதே கடையில் என்ன விலை?” என்று மட்டும் கேட்டோம். நானூறு ரூபாய் என்றாள். அப்படியானால் இருநூறு ரூபாய் எழுத்துக்களுக்காகக் கொடுக்கப்பட்டது. அந்த எழுத்துக்களோ விற்றவருடையவை அல்ல. எல்லோருக்கும் தெரிந்த பொய்க்கு எவரும் இருநூறு ரூபாய் தரமாட்டார்கள். தெரியாதவர் நாலு பேர் எதிரில் வருவார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த விலை. இதைச் சொன்னபோது அவள் சிரித்தாளே தவிர, மறுக்கவில்லை.

அந்தச் சின்னத்தின் கதை விசித்திரமானது. லூயி வியூட்டன் என்பவர் 1854-ஆம் ஆண்டில் பாரிஸில் பிரயாணப் பெட்டிக் கடை வைத்தார். பெட்டிகள் நன்றாக இருந்தமையால் பிறர் அவற்றைப் பார்த்துச் செய்யலாயினர். அவர் காலமான பின்பு அவருடைய குமாரர் ஜார்ஜ், போலிகளைத் தடுக்கும் பொருட்டே 1896-இல் இந்தப் பூக்களையும் எழுத்துக்களையும் வகுத்தார். போலியை ஒழிக்கப் பிறந்த சின்னத்தைத்தான் இன்று உலகமெங்கும் நடைபாதைகளில் கூவி விற்கிறார்கள்!

திருப்பூரில் இறங்கிக் காதர்பேட்டைக்குச் சென்றோம். ரயிலடிக்கு அருகிலேயே உள்ள பனியன் பஜார் அது. சந்துக்குச் சந்து சட்டைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன; எடை போட்டு விற்பதும் உண்டு. அங்குள்ள சரக்கு ஒரே ஜாதியன்று. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து, எண்ணிக்கைக்கு மேல் மிஞ்சியது ஒரு வகை. லேபிளைக் கத்தரித்துவிட்டு விற்பார்கள். ஊர்க்காரர் தம் சொந்தப் பெயரிலேயே தைத்தது இன்னொரு வகை. மூன்றாவது வகையைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. உள்ளூர்த் துணியில் உள்ளூரிலேயே தைத்து, கழுத்தில் மட்டும் அந்நிய தேசத்துப் பெயரை ஒட்டுவது. இவ்வகைச் சட்டைகளைக் காவல் துறையினர் பறிமுதல் செய்த செய்தி பத்திரிகைகளில் அவ்வப்போது வருவதுண்டு.

“அசலைத் தைப்பதும் இந்த ஊர், போலியைத் தைப்பதும் இந்த ஊர்; வித்தியாசம் எங்கே?” என்று நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. சாயம் போனால், தையல் விட்டால் யார் பதில் சொல்வது என்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நம்மை வருத்தியது அதுவன்று. இவ்வளவு கைத்திறமையுள்ள ஒருவன், தான் செய்த பொருளில் தன் பெயரை மறைத்துப் பிறன் பெயரை ஒட்டி விற்க வேண்டியிருக்கிறதே, அதற்காகத்தான் வருந்தினோம். நல்ல சட்டையைத் தன் பெயரில் விற்றால் நாம் வாங்குவதில்லை. ஆகவே அவன் பெயரை மாற்றுகிறான்.

1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி, பொய்ச் சின்னம் இடுபவருக்கும் விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாங்கிச் சுமப்பவரை அது தொடுவதில்லை. இத்தாலி தேசத்தில் வாங்குபவருக்கும் அபராதம் விதிக்கிறார்கள்.

திருப்பூருக்கு இந்த வழக்கு புதிதன்று. கொடி காத்த குமரன் 1932-இல் உயிர்நீத்த இவ்வூர், அக்காலத்தில் தமிழ்நாட்டுக் கதர் உற்பத்தியின் கேந்திரமாக விளங்கியது. கதருக்கு மதிப்பு ஏறியதும், ஆலைத் துணியையும் கதர் என்று சொல்லி விற்கத் துணிந்தார்கள். கையால் நூற்றுக் கையால் நெய்ததே கதர் என்று 1934-இல் சட்டம் இயற்றிப் பெயரைக் காக்க வேண்டியதாயிற்று. அந்தப் போலிக் கதரை உடுத்தியவர்களும் மலிவாகத் தேசபக்தராக விரும்பியவர்களே அல்லவா?

ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் பவானியை அடையும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறையில் கைகால் நனைத்து, சங்கமேசுவரரைத் தரிசித்தபின், நெசவாளர் வீதிக்கு நடந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மேல்நாட்டு ஆலைத் துணியின் போட்டியைத் தாங்க மாட்டாமல், இங்கிருந்த ஜங்கமர் தடித்த நூலில் வர்ணப் பட்டைகள் இட்டு நெய்யத் தொடங்கியதே ஜமக்காளம் என்பர். நாம் கண்ட குழித்தறியில் இருவர் அருகருகே அமர்ந்து நெய்துகொண்டிருந்தனர். ஒருவர் எறியும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி எறிகிறார். பட்டைக்குப் பட்டை நிறம் மாறும்போது நாடாவும் மாறுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று அங்குலம் அங்குலமாக வளரும் அத்துணியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே 1985-ஆம் ஆண்டுச் சட்டம், ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. இருந்தும் சோலாப்பூர்ப் பக்கத்து விசைத்தறிகளில் நெய்தவை பவானியின் பெயரில் குறைந்த விலைக்கு வருகின்றன என்பது இவ்வூராரின் நெடுநாளைய முறையீடு. சோலாப்பூரும் சாமானிய ஊரன்று. அதன் போர்வைக்குத் தனியே புவிசார் குறியீடு உண்டு.

“விலையைக் கேட்டுட்டு, சந்தையிலே இதே பாதி விலைக்குக் கிடைக்குதுங்களேன்னு எந்திரிச்சுப் போயிடறாங்க” என்றார் மூத்த நெசவாளர். “அது நம்மூருது இல்லீங்கன்னு சொன்னா, பவானின்னு பேரு போட்டிருக்குதுங்களேங்கறாங்க.”

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. “இது பகற்கொள்ளை!” என்றார். அவருடைய குமாரத்தி, “வழக்குப் போடக் கூடாதுங்களா?” என்று கேட்டாள்.

“எத்தனை ஊருக்குப் போயிப் போடறதுங்க அம்மணி?” என்றார் அவர்.

பாரிஸ் கம்பெனி கோடீசுவரருடையது, இவரோ கூலிக்கு நெய்பவர், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று நண்பர் நம் காதோடு வாதித்தார். ஒன்றல்லதான். அங்கே லாபத்தில் ஒரு துளி குறையும். இங்கே அடுப்பில் உலை குறையும். ஆனால் சந்தையில் பாதி விலைப் பவானியை வாங்கிச் செல்லும் குடும்பத் தலைவியும், அசலை வாங்க நமக்குச் சக்தி இல்லை, நாம் வாங்காவிட்டால் மட்டும் அவருக்கு விற்றுவிடுமா என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். ரயிலில் கேட்ட நியாயத்தையே இங்கும் கேட்கிறோம். இழப்பவர் மட்டுமே வேறு. எளியவரின் பெயருக்கு ஒரு நீதி, பெரியவரின் பெயருக்கு வேறு நீதி என்று வைத்துக்கொண்டால், யார் எளியவர் என்பதை ஒவ்வொருவரும் தம் பணப்பையைப் பார்த்தே தீர்மானிப்பார்கள் என்பது நம் அபிப்பிராயம். நண்பர் ஒப்பவில்லை.

இரண்டு ஜமக்காளங்களைத் தேர்ந்தெடுத்தோம். அவற்றைச் சுருட்டிக் கட்டும்போது பெரியவரின் பார்வை கைப்பையின் மீது விழுந்தது.

“பை நல்லாருக்குதுங்க அம்மணி. இது எந்த ஊருங்க?”

அவள் சற்றுத் தயங்கி, “பாரிஸ்னு பேரு போட்டிருக்குதுங்க” என்றாள்.

பெரியவர் தலையசைத்துக் கொண்டு முடிச்சை இறுக்கினார். கட்டை நண்பர் தோளில் ஏற்றிக்கொள்ள, ஈரோட்டு பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டோம்.