கீழே இருந்த முதல் வரி

எனக்கு ரேடியோ இன்ஜினியரிங் தெரியாது. தெரிந்ததெல்லாம் பைலும் டைப்ரைட்டரும்தான். ஆனாலும் ஒரு மீடியம் வேவ் ஒலிபரப்பு நிலையத்தில் பதினோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குச் சில விஷயங்கள் தானாகக் காதில் விழும்.

வால்வு டிரான்ஸ்மிட்டர் போய் டிரான்சிஸ்டர் டிரான்ஸ்மிட்டர் வந்தபோது கூடவே கண்ட்ரோலர் என்று ஒன்றும் வந்தது. எது கெட்டாலும் அலாரம் அடிக்கும், மணி நிமிஷம் நொடியோடு குறித்தும் வைக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் வாத்தியார், 'அலார்ம்' என்ற சொல் இத்தாலியிலிருந்து வந்தது, 'ஆயுதம் எடு' என்று அர்த்தம் என்பார். எங்கள் ஆபீஸில் அலாரம் அடித்தால் அதிகாரி எடுக்கும் ஆயுதம் மெமோ.

தொண்ணூறுகளின் கடைசியில், ஐப்பசி மாதம். விடியற்காலைத் தூறலில் ஒலிபரப்பு 40 நிமிஷம் நின்றுவிட்டது. பத்து மணிக்கு அதிகாரி அலாரம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மேல் வரியில் 'காற்றோட்டம் குறைவு' என்று இருந்தது. பில்டரைச் சுத்தம் செய்யவில்லை, கவனக்குறைவு என்று டெக்னீஷியனுக்கு மெமோ டிக்டேட் செய்தார். அந்த மனுஷருக்கு ஓய்வு பெற நான்கு மாசம். விசாரணை நிலுவையில் இருந்தால் பணிக்கொடை கைக்கு வராது. தெரிந்தேதான் டைப் அடித்தேன்.

மெமோவை வாங்கிக்கொண்டு அவர் கோபப்படவில்லை. பட்டியலை என் மேஜையில் விரித்தார்.

"தம்பி, இந்த மெஷின் புதுசை மேலே போடும், பழசைக் கீழே தள்ளும். கீழேயிருந்து படி."

கீழே முதல் வரி: 'திரும்பி வரும் பவர் அதிகம்'. அதே வரி மூன்று முறை. பிறகு மெயின் சப்ளை கட். அதற்கப்புறம்தான் காற்றோட்டம்.

"சப்ளை போனா பேன் நிக்காதா? காத்து எங்கேயிருந்து வரும்?"

மீடியம் வேவில் டவரேதான் ஏரியல். அது பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கிறது. எங்கள் டவர் கடலோரம். வெயில் காலம் பூராவும் உப்பு பீங்கானில் படிந்துகொண்டே இருக்கும். தூறல் பட்டால் அந்த உப்பு கரைந்து மின்சாரத்துக்கு வழி விடும், பொறி பறக்கும். மேலே போகவேண்டிய பவர் டிரான்ஸ்மிட்டருக்கே திரும்பும். டிரான்சிஸ்டர்கள் எரியாமல் இருக்க கண்ட்ரோலர் சட்டென்று நிறுத்தி, மறுபடி முயன்று, மூன்றாவது தடவை பூட்டிக்கொள்ளும். பெருமழையில் இந்தத் தொல்லை இல்லை, உப்பைக் கழுவிவிடும். அன்றும் மழை வலுத்த பிறகுதான் ஒலிபரப்பு திரும்பியது.

"இன்சுலேட்டரைக் கழுவ ஆள் கேட்டு ஆவணியிலேயே எழுதிக் குடுத்தேனே அண்ணே கிட்ட," என்றார். வயதில் பெரியவர், என்னை அண்ணே என்றது குத்தலுக்குத்தான்.

எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று திருப்பி அனுப்பியவன் நான். அவர் இரண்டுதான் கொண்டுவந்தார். அந்தத் தாள் என் டிரேயில், மூன்று பைலுக்கு அடியில் கிடந்தது.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. பட்டியலையும் பில்டர் ரிஜிஸ்டரையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்து, கடிதம் எந்தத் தேதியிலிருந்து என்னிடம் நிலுவை என்பதையும் நோட்டில் எழுதி அதிகாரியிடம் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மெமோ வாபஸ் ஆனது. எனக்கு வாய்மொழியாகக் கிடைத்ததை இங்கே எழுதவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் நடு இரவில், ஒலிபரப்பு முடிந்து டவரை எர்த் செய்த பிறகு, இன்சுலேட்டரைத் துடைத்தார்கள். நானும் போய் டார்ச் பிடித்தேன். பெரியவர் துணியை என்னிடம் நீட்டினார். சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தது.

"இரண்டு கொட்டேஷன் போதுமா தம்பி?" என்றார்.