ஒகேனக்கலுக்கு ஒரு நாள்

தருமபுரிக்குக் கடல் இல்லை. பாறை விளிம்பில் நின்று தண்ணீர் பார்க்க எங்களுக்கு ஒகேனக்கல்தான். நகரத்திலிருந்து பென்னாகரம் வழியாக 46 கி.மீ. மாணவர்களோடு போகலாம் என்று திட்டமிட உட்கார்ந்தோம். பஸ் நேரம் பத்து நிமிடத்தில் முடிந்தது. எந்தக் கடையில் டீ குடிப்பது, எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வது, பெண் தோழர்களின் வீட்டில் யார் போய்ப் பேசுவது என்பதிலேயே மாலை முழுக்கப் போயிற்று.

சாதி கடந்த ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்துத்தான் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளைக் கொளுத்தினார்கள். ஆணும் பெண்ணுமாகச் சுற்றுலா என்றால் பெற்றோருக்கு இன்னும் அடிவயிறு கலங்குகிறது.

சுற்றுலாவெல்லாம் இயக்க வேலையா என்று கேட்கும் மூத்த தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 1934இல் அம்பேத்கர் சுமார் முப்பது பேரோடு தௌலதாபாத் கோட்டை பார்க்கப் போனார். வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவியதற்கே வசவு. உள்ளே தண்ணீரைத் தொடக்கூடாது என்று நிபந்தனை போட்டு, ஆயுதம் தாங்கிய காவலனையும் கூடவே அனுப்பினார்கள். அதையும் அவர் எழுதி வைத்தார்.

ஆக, எல்லோரும் சேர்ந்தே போகிறோம். ஊர்ப் பெயரை மறைப்பதில்லை. கட்டுச்சோறு வேண்டாம், கடையில் உட்கார்ந்தே மீன் வறுவல் சாப்பிடுவோம். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுவார்கள், முந்தின நாளே செய்தி பாருங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பரிசல் ஏறாதீர்கள். பாறை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு போடுங்கள். திரும்புவது காட்டுச் சாலை. இருட்டுவதற்குள் மலையேறிவிட வேண்டும்.