வாலிநோக்கம் கடற்கரையில் ஒரு மஃரிப்

 

எங்கள் தருமபுரி மாவட்டத்திற்குக் கடல் இல்லை. ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளில் விழுவதைக் காண எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகின்றனர். ஆனால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நீர் மட்டுமே விரிந்து கிடக்கும் காட்சியை எங்கள் பிள்ளைகள் பாடநூலின் படத்தில்தான் கண்டிருக்கின்றனர். மதரஸாவில் தொழுகை நேரங்களைக் கற்பிக்கும்போது, கதிரவன் முழுவதுமாக மறைந்தவுடன் மஃரிப் தொடங்குகிறது என்று சொல்லிக் கொடுக்கிறோம். “மலைக்குப் பின்னால் போனால் மறைந்ததாகிவிடுமா, ஹஜ்ரத்?” என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. மலை சூழ்ந்த ஊரில் வாழும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி.

மலைக்குப் பின் ஒளிவது மறைவு ஆகாது என்பதே ஃபிக்ஹு தரும் விடை. மேற்கே மலை உயர்ந்து நின்றால், உண்மையான மறைவுக்குக் கால் மணி நேரத்திற்கு முன்பே கூடக் கதிரவன் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்நிலையில் எதிர்த்திசையைப் பார்க்க வேண்டும். இரவு கிழக்கிலிருந்து முன்வந்து, பகல் மேற்கே பின்வாங்கி, கதிரவனும் மறைந்துவிட்டால் நோன்பாளி நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. கதிரவன் மறையும் வேளையில் பூமியின் நிழலே கீழ்வானில் சாம்பல் கலந்த நீலப் பட்டையாக எழுகிறது என்று இன்று வானியலாரும் விளக்குகின்றனர்.

எங்கள் தந்தையார் பென்னாகரம் வட்டத்தில் மலையடியிலுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் நெடுங்காலம் மோதினாராக இருந்தார்கள். அச்சிட்ட நேர அட்டவணை எங்கள் ஊருக்கு வந்து சேராத காலம் அது. மாலையானதும் பள்ளியின் மொட்டை மாடியில் ஏறி, மேற்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கையே பார்த்து நிற்பார்கள். சிறுவர்களாகிய நாங்கள் அதைக் கண்டு சிரித்ததுண்டு. கீழ்வானில் அந்தக் கருமை எழுந்த பிறகே பாங்கு சொல்வார்கள். ரமழானில் ஊரே பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுடைய குரலுக்குக் காத்திருக்கும். ஒரு நிமிடம் முந்தினாலும் இத்தனை பேருடைய நோன்பும் தம் கழுத்தில் தொங்கும் என்பார்கள். கடலில் கதிரவன் இறங்குவதை ஒருமுறையேனும் காண வேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு இருந்தது. அது நிறைவேறாமலே வஃபாத்தாகிவிட்டார்கள். அல்லாஹ் அவர்களுடைய கப்றை ஒளிமயமாக்குவானாக!

அந்த ஆவலைத் தம் கண்ணாலாவது நிறைவேற்ற வேண்டும் என்று எங்கள் தாயார் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரையாண்டு விடுமுறையில், மைத்துனர் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, வாடகை வேனில் புறப்பட்டோம்.

எங்கே செல்வது என்பதில் சிறிது யோசனை தேவைப்பட்டது. தமிழகக் கடற்கரையின் பெரும்பகுதி கிழக்கு நோக்கியது. சென்னை மெரினாவிலும் நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கதிரவன் கடலில் உதிக்கும். மறைவதோ நிலத்தின் பக்கம். கடலில் மறைவதைக் காணக் கன்னியாகுமரி பெயர்பெற்றது. ஆனால் விடுமுறை நாளில் அங்குக் கூட்டம் நெரியும். இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரை தெற்கு நோக்கித் திரும்புகிறது. அங்கே கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் தென்மேற்கே கடலுக்குள் நீண்ட ஒரு முனையில் இருப்பது வாலிநோக்கம். முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் மீனவர் ஊர். அருகிலேயே உப்பளங்கள். மார்கழி, தை மாதங்களில் கதிரவன் தென்மேற்கே சாயும்போது, அம்முனையின் மேற்குப் பக்கக் கரையில் நின்றால் அது நீருக்குள்ளேயே இறங்குவதைக் காணலாம். அமைதியான இடம். பெண்களும் பிள்ளைகளும் கூச்சமின்றி அமரலாம்.

சேலம், மதுரை வழியாக 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். இரவே புறப்பட்டு, சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் அடக்கமாகியிருக்கும் கீழக்கரையை மறுநாள் பிற்பகல் அடைந்தோம். பள்ளியில் அஸர் ஜமாஅத் முடிந்திருந்தது. “நம் ஊரில் இன்னும் பாங்கே சொல்லியிருக்க மாட்டார்களே!” என்று பிள்ளைகள் வியந்தனர். கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர், நாங்கள் ஹனஃபிகள். நண்பகல் நிழலை நீக்கிப் பார்க்கையில், ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீண்டதும் அவர்களுக்கு அஸர். இரு மடங்கானதும் நமக்கு அஸர். டிசம்பர் மாதத்தில் அங்கே இவ்விரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 50 நிமிடம். அஸருடைய தொடக்கத்தில் இமாம்கள் வேறுபட்டார்கள். மஃரிபின் தொடக்கத்திலோ எல்லா மத்ஹபுகளும் ஒன்றே என்று அப்போதே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோம்.

ஐந்தரை மணிக்கு வாலிநோக்கம் கரையை அடைந்தோம். பிள்ளைகள் அலையில் கால் நனைத்தனர். “இவ்வளவு உப்பாக இருக்கிறதே, இதில் உளூ செய்யலாமா?” என்று மைத்துனரின் மகள் கேட்டாள். கடல்நீர் தூய்மையானது, தூய்மைப்படுத்தக்கூடியது என்று நபித்தோழர் ஒருவருக்கு அண்ணலார் (ஸல்) அவர்கள் விளக்கம் அளித்திருக்கின்றார்கள் என்றதும், எல்லோரும் அங்கேயே உளூ செய்தனர்.

மைத்துனர் தொழுகைக்கு இடம் பார்த்துப் பாயை விரித்தார். சாய்ந்துகொண்டிருந்த கதிரவனுக்கு நேராக விரித்திருந்தார்.

“மச்சான், இது கிப்லா இல்லையே!” என்றோம்.

“கிப்லா மேற்குதானே? அதோ, கதிரவன் இறங்குகிறதே!”

இது அவருடைய ஐயம் மட்டுமன்று. வெளியிடத்தில் தொழும் பலரும் இவ்வாறே திசை பார்க்கின்றனர். நம் நாட்டிலிருந்து மக்கா மேற்கே இருப்பினும், சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. அக்கரையில் கிப்லா நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே. தருமபுரியில் ஏறத்தாழ 19 பாகை. கதிரவனோ ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் மறைவதில்லை. டிசம்பர் இறுதியில் அது நேர்மேற்கிலிருந்து 24 பாகை அளவுக்குத் தெற்கே மறையும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் 21-ஆம் நாளை ஒட்டி நேர்மேற்கில் மறையும். ஜூன் மாதக் கடைசியில் அதே அளவு வடக்கே மறையும். ஆகவே வாலிநோக்கத்தில் ஜூன் இறுதியில் கதிரவன் மறையும் திசையும் கிப்லாவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. நாங்கள் சென்ற டிசம்பரிலோ இரண்டுக்கும் இடையில் 45 பாகைக்கும் மேல்! பாயை வலப்பக்கம் நன்றாகத் திருப்பிப் போட்டோம்.

பிள்ளைகளை அருகழைத்து மற்றொன்றையும் சொன்னோம். கதிரவனின் வட்டு மறைந்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நஃபில் தொழுவதை அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கதிரவனை வணங்குவோர் வணங்கும் வேளை அது. அவர்களுக்கு ஒப்பாகிவிடக் கூடாது என்பது அத்தடையின் காரணம். நமக்குக் கதிரவன் நேரத்தைக் காட்டும் ஒரு படைப்பு. அது தலை மறைந்த பின்னரே நாம் தக்பீர் கட்டுகிறோம். அது இருக்கும் திசையை அன்று, அதைப் படைத்தவன் காட்டிய திசையை முன்னோக்குகிறோம்.

மணி ஆறு ஆனபோது செந்நிற வட்டின் அடி நீரைத் தொட்டது. அன்று மேல்வானில் முகில் இல்லை. கரையில் இருந்த சிலர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தனர். நம் பகுதியில் வட்டின் அடி தொட்டதிலிருந்து முழுவதும் மறைய இரண்டரை நிமிடம் கூட ஆகாது. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், அடி தொட்டதாகக் காணும் அந்நேரத்திலேயே கதிரவன் உண்மையில் தொடுவானுக்குக் கீழே போய்விட்டிருக்கிறது என்பது அறிவியல். ஆயினும் ஷரீஅத் நம்மிடம் கணக்கைக் கேட்கவில்லை. கண்ணால் காண்பதையே அளவாக்கியது. கற்றவனும் கல்லாதவனும், கடலோடியும் மலைவாசியும் தத்தம் கண்ணைக் கொண்டே நோன்பு திறக்கலாம்.

எங்கள் தாயார் அன்று நஃபில் நோன்பு. பயணத்தில் விட்டுவிடலாமே என்றதற்கு, “உங்க அத்தாவுக்காகப் பார்க்கப் போறேன், நோன்போடயே பார்க்கிறேன்” என்றிருந்தார்கள். எல்லோரும் மேற்கைப் பார்த்து நிற்க, கையில் பேரீச்சம்பழத்துடன் அமர்ந்திருந்த அவர்கள், சிவப்பு விளிம்பு கடைசியாக நீரில் கரைந்ததும், மெல்லத் திரும்பிக் கிழக்கைப் பார்த்தார்கள். நாங்களும் திரும்பினோம். கடலின் மேல், கீழ்வானில், நீலக் கருமை ஒரு விரற்கடை அளவு எழுந்திருந்தது.

“உங்க அத்தா பார்த்தது சரியாத்தான் இருந்திருக்கு, பாத்தியா” என்றார்கள். பிறகு பிஸ்மில்லாஹ் கூறி நோன்பு திறந்தார்கள். அவர்கள் கண்கள் நனைந்திருந்தன. எங்களுக்கும் பேச்சு வரவில்லை. கடலைக் காணாத ஒரு மோதினார், மலையடியில் நின்றுகொண்டு, கிழக்கின் நிழலை மட்டும் நம்பி ஓர் ஊரின் நோன்பைப் பேணியிருக்கிறார். அந்த அமானிதத்தின் எடை அன்றுதான் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கியது.

மைத்துனரின் மூத்த மகன் பாங்கு சொன்னான். பயணியாயினும் மஃரிபில் சுருக்கம் இல்லை. மூன்று ரக்அத்தையும் நிறைவாகத் தொழுதோம். தொழுது எழுந்தபோது மேற்கு வானம் முன்னிலும் சிவந்து, நீர் முழுவதும் அந்நிறம் பரவியிருந்தது. படம் எடுக்க வந்தவர்களில் பாதிப்பேர் வட்டு மறைந்தவுடனேயே போய்விட்டனர். அழகு அதன் பின்னர்தான் நிறைவடைந்தது. அந்தச் செம்மைக்கு ‘ஷஃபக்’ என்று பெயர். அது நீங்கும்போது மஃரிபின் நேரம் முடிகிறது என்பது இமாம் ஷாஃபிஈ அவர்களின் கருத்து. இமாம் அபூஹனீஃபா அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் ஆகிய இருவரின் கருத்தும் அதுவே. செம்மைக்குப் பின் வரும் வெண்மையும் நீங்க வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. நம் பகுதியில் செம்மை நிலைப்பது ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல்தான். காட்சியை ரசித்துவிட்டுப் பிறகு தொழலாம் என்று இருப்பவர்க்கு, அந்தக் காட்சியே கரைந்துகொண்டிருக்கும் தொழுகை நேரமாகும்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ரமழானில் எங்கள் மாவட்டத்தில் பல இல்லங்களில் தொலைக்காட்சியில் ஒலிக்கும் சென்னைப் பாங்கைக் கேட்டு நோன்பு திறக்கும் வழக்கம் பரவி வருகிறது. தருமபுரி சென்னைக்கு மேற்கே இரண்டு பாகைக்கும் சற்று அதிகமான தீர்க்கரேகைத் தொலைவில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், சென்னையில் கதிரவன் மறைந்து ஏறத்தாழ 8 நிமிடம் கழித்தே இங்கு மறைகிறது. பருவத்திற்கேற்ப ஓரிரு நிமிடம் கூடலாம், குறையலாம். பகல் முழுவதும் பசித்திருந்து, கதிரவன் வானில் இருக்கும்போதே நோன்பைத் திறந்துவிட்டால் அந்த நோன்பு கூடாது. கழாச் செய்ய வேண்டும். எட்டு நிமிடப் பொறுமையில் ஒரு நாளின் இபாதத் அடங்கியிருக்கிறது. கிருஷ்ணகிரி, சேலம், கோவை என்று மேற்கே வாழும் எல்லாக் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவரவர் ஊர்ப் பள்ளியின் பாங்கையும், அவ்வூருக்கெனக் கணிக்கப்பட்ட அட்டவணையையுமே பின்பற்றுங்கள்.

வாய்ப்புள்ளவர்கள் விடுமுறையில் ஒருமுறை பிள்ளைகளையும், குறிப்பாக முதிய பெற்றோரையும், இத்தகைய ஒரு கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அஸரை உரிய நேரத்தில் தொழுதுவிட்டு அமருங்கள். முஸல்லாவும் கிப்லா காட்டியும் உடன் இருக்கட்டும். உண்ட குப்பையைக் கரையில் விட்டு வராதீர்கள். அது அங்குள்ள மீனவர் தொழில் செய்யும் இடம். கடல் பார்க்க இயலாதவர்கள் தங்கள் வீட்டு மாடியில் ஏறி, ஒரு மாலையேனும் கிழக்கைப் பார்த்து நில்லுங்கள்; பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.

கண்ணைக் கொடுத்து, காணத் தக்க அத்தாட்சிகளையும் கொடுத்த வல்ல அல்லாஹ், நம் தொழுகைகளையும் நோன்புகளையும் அவற்றின் உரிய நேரத்தில் நிறைவேற்றும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! பாங்கோசையால் நம்மை நேரத்தோடு எழுப்பி வைத்த மோதினார்கள் அனைவருக்கும் மறுமையில் உயர்ந்த இடத்தைத் தருவானாக! ஆமீன்.